இருபத்தெட்டுத் திரைகளை அறுத்துவிட்டவருக்கு

முதற்கண் மன்னிப்பு வேண்டுகிறோம். பற்றுச்சீட்டும் இருப்புப் பட்டியலும் தவிர வேறெதையும் எழுதியறியாத எங்கள் பண்டகக் காப்பாளரிடம் இந்த வழியனுப்பு மடல் எழுதும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. பள்ளியில் பயின்ற இலக்கணத்தைத் துணைக்கழைத்து, அவர் இதனை இரண்டாம் முறையாக எழுதுகிறார். முதல் மடல் முன்பே எழுதிச் சட்டமிடப்பட்டுப் பின்னர் சட்டத்திலிருந்து கழற்றப்பட்டது. அதன் காரணத்தையும் இங்கேயே சொல்ல வேண்டியிருப்பதால், பிழை பொறுத்தருளக் கோருகிறோம்.

வானுக்கும் சுவருக்கும் நடுவே வாழ்நாளை வகுத்துக்கொண்ட வல்லவரே! முடிச்சுகளின் மனமறிந்த மூத்தவரே! சாரத்தின் உச்சியில் சஞ்சரித்தும் சற்றும் செருக்கறியாத செம்மலே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய முடிச்சு மாமா அவர்களே, வணக்கம்.

முப்பத்தோராண்டுகள் தாங்கள் கட்டடச் சாரங்களுக்கு வெண்ணிறக் காப்புத் திரை கட்டினீர்கள். தங்கள் திரைக்குள் பகல் பால்போலப் பரவும். பூசுகிறவரின் நிழல் வெள்ளையில் மெல்ல நீந்தும். தெருவின் இரைச்சல் தொலைவில் யாரோ உறக்கத்தில் முணுமுணுப்பதுபோல் கேட்கும். கட்டடமே போர்வைக்குள் கண்ணயர்வதாகத் தோன்றும். அந்த வெண்மைக்குள் வேலை செய்தவர்கள், மாலையில் இறங்கி வரும்போது, கனவிலிருந்து எழுந்து வருவதுபோலவே வருவார்கள்.

இத்தனை ஆண்டுகளில் ஒரு திரையையும் தாங்கள் காற்றுக்குக் கொடுத்ததில்லை. திரையைச் சாரத்தோடு பிணைக்கத் தாங்கள் நம்பியது ரப்பர் வளையங்களை. காற்று மிகுந்தால் வளையம் முதலில் அறும், திரை தளரும், சாரம் பிழைக்கும். வளையம் அறுமளவுக்கும் தாங்கள் விட்டதில்லை. மேகத்தின் ஓரத்தைப் பார்த்தே திரைகளைச் சுருட்டிக் கட்டச் சொல்வீர்கள். இத்தகைய கைவண்ணம் இல்லத்தில் செல்லுபடியாகவில்லை என்பதைத் தங்கள் துணைவியார் ஒருமுறை போட்டுடைத்தார். "ஊர்க் கட்டடத்துக்கெல்லாம் துணி கட்டுறாரு. நம்ம வீட்டுக் கொடியில சட்டைக்கு ஒரு கிளிப்பு போடமாட்டாரு. பக்கத்து மாடியில போய் வாங்கிட்டு வர்றது நான்தான்" என்றார் அக்கா.

இனிச் சொல்லப்போவதைத் தங்களை எதிரில் வைத்துக்கொண்டு ‘தாங்கள்’ என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. ஆகவே, யாரோ ஒருவரின் கதையைப்போலச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம்.

மேஸ்திரி ஓய்வுபெற எட்டு நாள்கள் இருந்தன. ‘ஒரு திரையும் பறக்கவிடாதவர்’ என்று பித்தளைத் தகட்டில் பொறித்தாயிற்று. அந்த வாசகத்துக்குக் கடைசி நேரத்தில் பங்கம் வந்துவிடக் கூடாதே என்ற கவலை குழுவினரைப் பிடித்துக்கொண்டது. குழுவில் நெட்டையன் என்று அழைக்கப்படும் சாரக்காரர், மேஸ்திரி வங்கிக்குப் போயிருந்த ஒரு முற்பகலில், கட்டடத்தின் மேற்கு முகத்து ரப்பர் வளையங்களையெல்லாம் கழற்றிக் கட்டுக்கம்பியால் இறுக்கிவிட்டார். கம்பியைக் கொடுத்தவர் பண்டகக் காப்பாளர். ‘கதவு பழுதுபார்க்க’ என்று பதிவேட்டில் எழுதியதும் அவரே. அன்பளிப்பு கொடுத்த பூரிப்பு அன்று முழுவதும் அவருக்கு இருந்தது.

மறுநாள் மதிய உணவு முடியுமுன்னே மேற்கில் மேகம் கறுத்தது. மேஸ்திரி வழக்கம்போல் சுருட்டச் சொன்னார். சுருட்ட முடியவில்லை. முதற்காற்று வந்து மோதியபோது திரைகள் படபடக்கவில்லை. ஒரே சுருதியில் முனகின. அந்த முனகலைக் கேட்டதும் அவர் கையிலிருந்த சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். காற்றை உள்வாங்கிய திரைகள் சாரத்தையே சுவரிலிருந்து பிடுங்கத் தொடங்கியிருந்தன. கீழே பேருந்து நிறுத்தத்தில் ஆள்கள் நின்றிருந்தார்கள்.

"எத்தனை கட்டு?" என்று கேட்டார்.

குழுவினரின் பார்வை நெட்டையன் பக்கம் போயிற்று.

"யாருன்னு கேக்கல. எத்தனைன்னு கேக்கறேன்."

"முந்நூத்தி முப்பத்தாறு, மாமா" என்றார் நெட்டையன். "உங்க பேருக்காகத்தான்…"

"என் பேரு கீழ நிக்கிறவங்க தலையில விழவா? பாதுகாப்புக் கச்சையைப் போடு, ஏறணும். கட்டுனவனுக்குத்தான் இடம் தெரியும்."

காவலாளி நிறுத்தத்தைக் காலி செய்ய ஓடினார். மற்றவர்கள் யாவரும் இறங்க, அவர்கள் இருவர் மட்டும் ஏறினார்கள். கம்பி கத்திக்கு மசியாது, துணிதான் மசியும். ஆகவே கம்பியை விட்டுவிட்டுத் திரையின் ஓரத்தையே அறுத்தார்கள், உச்சியிலிருந்து கீழ்நோக்கி, ஒவ்வொன்றாக. முப்பத்தோராண்டு பறக்கவிடாத கை, அன்று எண்ணி எண்ணிப் பறக்கவிட்டது.

அந்தக் காட்சியை எழுதப் பண்டகக் காப்பாளருக்குச் சொல் போதவில்லை. விடுபட்ட திரை உடனே ஓடிவிடவில்லை. ஒரு கணம் அந்தரத்தில் நின்று, புரண்டு படுப்பதுபோல் புரண்டு, பிறகே புறப்பட்டது. வெள்ளை வெள்ளையாய் அவை கூரைகளைக் கடந்து, நீர்த்தொட்டிகளைக் கடந்து, அவசரமே இல்லாமல் போயின. தெருவில் வாகனங்கள் நின்றுவிட்டன. கீழே நின்ற அனைவரும் அண்ணாந்து நின்றோம். ஆபத்து என்பதே ஒரு நொடி மறந்துபோயிற்று.

இருபத்தெட்டாவது திரை மட்டும் போக மனமில்லாமல் மேஸ்திரியின் மேல் சுற்றிக்கொண்டு அவரைக் குழாயோடு மோதியது. நெட்டையன் அதை விடுவித்தார். முனகல் நின்றது. நான்கு விரற்கடை விலகியிருந்த சாரம் மெல்லச் சுவரில் சாய்ந்தது. பல மாதங்களாக எவரும் வெளியிலிருந்து பார்த்திராத புதுச்சுவர், வெளிச்சத்தில் கண் கூசி நின்றது.

இறங்கி வந்த மேஸ்திரியிடம் பண்டகக் காப்பாளர் கம்பியைப் பற்றிச் சொல்லி அழுதார். "பதிவேட்டுல கதவுன்னா எழுதின? அடிச்சுட்டு சரியா எழுதும்மா" என்றார் அவர், அவ்வளவே. பிறகு முதல் மடலைப் படித்துக்காட்டியபோது நடுவில் நிறுத்தினார். "ஒண்ணும் போகலைன்னு எழுதினா நான் வீட்டுல மாட்ட மாட்டேன். போனதை எழுதுங்க." அதனாலேயே இந்த இரண்டாம் மடல்.

கதையை முடித்துவிட்டுத் தங்களிடமே திரும்புகிறோம், ஐயா. தங்கள் புகழைக் காக்க நினைத்துத் தங்கள் வித்தையையே மறந்தோம். தாங்களோ புகழை விட்டு எங்களைக் காத்தீர்கள். மேற்கு முகத்தில் இன்று புதிய திரைகள், ரப்பர் வளையங்களோடு, மூச்சு விடுவதுபோல் அசைந்துகொண்டிருக்கின்றன. தாங்களும் அக்காவும் நோய்நொடியின்றி, நிறைந்த உறக்கமும் நிதானமான காலைகளும் பெற்று நெடுநாள் வாழ நெஞ்சார வேண்டுகிறோம். கிளிப்பு ஒரு டஜன் தனியே பொதிந்து வைத்துள்ளோம்.

இங்ஙனம்,
சாரக்குழுவினர், பண்டகம் மற்றும் காவல் பணியாளர்கள்

தாங்கள் கேட்டபடி, போனவை:

திரை இருபத்தெட்டு. திரும்பக் கிடைத்தவை பதினொன்று.
சுவரிலிருந்து பெயர்ந்த கொக்கி நான்கு.
பேருந்து நிறுத்தக் கூரையில் கண்ணாடி ஒன்று.
மேஸ்திரியின் கத்தி ஒன்று.
பித்தளைத் தகடு ஒன்று, வாசகம் பொய்த்ததால்.
ஆள் எவருமில்லை.
தங்கள் இடக்கை, இனித் தோளுக்கு மேல் உயராது. இதை எழுத வேண்டாம் என்றீர்கள். பண்டகக் காப்பாளர் எழுதிவிட்டார்.