ஆதிமூலம் சொன்ன பொய்

ஊசியைக் கண்டால் பயப்படுகிறவர்களை நான் வற்புறுத்தியதே இல்லை, ஐயா. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எனக்குப் போதும். முடியளவு மெல்லிய குழாயில் செலுத்தினால் அதில் கலந்திருப்பவை ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும். மேசைமேல் அடங்கிவிடும் என் கருவி அவற்றை எடைபோட்டு இன்னதென்று சொல்லிவிடும். மாத்திரையைக் கல்லீரல் என்னென்னவாக உடைக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில், அதற்காகவே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தேன். காசநோய்க்கான புது மாத்திரையைச் சாப்பிட ஒப்புக்கொண்டவர்களில் ஆதிமூலமும் ஒருவன். கரும்பு விவசாயி, என்னோடு பள்ளியில் படித்தவன். மாத்திரை அவன் உடம்பில் மட்டும் வேறுவிதமாக உடைந்தது. வேறு யாரிடமும் காணாத ஒரு பொருள் அவன் ரத்தத்தில் வாராவாரம் ஏறியது. அது கல்லீரலுக்கு நஞ்சு என்று தெரியும். எதுவரை ஏறும் என்பதுதான் தெரியவில்லை. மாத்திரையை நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நிறுத்தினால் அதை எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு வாரம் அளவு சட்டென்று இறங்கியிருந்தது.

"மாத்திரை போடறியா?" என்று கேட்டேன்.

"போட்டுக்கினுதான்டா கீறேன். உங்கிட்ட போய் பொய் சொல்வனா?"

என் முகத்தைப் பார்த்தே சொன்னான். பள்ளித் தோழன் என்னிடமே பொய் சொல்கிறான் என்று அவன் ரத்தம் காட்டியது. வயிற்றைப் புரட்டுகிறது என்று சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பேன். அன்றுமுதல், வயலுக்குப் போகிற வழியில் அவன் வரும்போதெல்லாம் மாத்திரையைப் பொடித்து மோரில் கலந்து கொடுத்தேன். அளவு மறுபடி ஏறியது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மும்முரமாக இருந்த நேரம். அவன் மனைவி அமிர்தம் போன் செய்தாள்.

"கண்ணெல்லாம் மஞ்சளா கீதுங்க. கஞ்சிகூட எறங்கல. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவட்டுங்களா?"

"ரோட்டுல மறியல்மா. வண்டிய வுடமாட்டாங்க. நானே வந்து பாக்கறேன்."

மறியல் முந்தின நாளே முடிந்திருந்தது. அன்று காலை அதே சாலையில்தான் கருவிக்கு வேண்டிய வாயு சிலிண்டரை ஏற்றி வந்தேன்.

அவன் இறக்கும்வரை தினமும் போனேன். விரலில் ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு திரும்புவேன். "நீங்க இல்லன்னா எங்களுக்கு யாருங்க?" என்று அமிர்தம் அழுவாள்.

கடைசியாகப் போனபோது ஆதிமூலம் கண்ணைத் திறந்தான்.

"நடுவுல கொஞ்ச நாளு மாத்திரைய நிறுத்திட்டேன்டா. உங்கிட்ட பொய் சொன்னேன். அதான் இப்பிடி ஆயிடுச்சா?"

"ஆமாம்" என்றேன்.

"மன்னிச்சுக்கடா."

ஐயா, முயன்று பார்த்துவிட்டேன். இன்றுவரை என்னால் அவனை மன்னிக்க முடியவில்லை.