கழுவாமல் திரும்பி வந்த பேனா

மினுக்கு மையை நிரப்புவதற்கு முன் புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும், ஃபாதர். இல்லாவிட்டால் தங்கத்தூள் முழுக்க அடியில் தங்கிவிடும், பேனாவில் வெறும் பச்சைத் தண்ணீர்தான் ஏறும். பல பேர் குலுக்குவதில்லை. நடந்ததை மறைக்காமல் எழுதித் தரும்படி கேட்டீர்கள், எழுதுகிறேன். இது சாதாரண நீல மைதான், உங்கள் மேசையில் தூள் எதுவும் ஒட்டாது.

ரயில்வே அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். ஓய்வு பெற்றபின் மைப்பேனாப் பித்து பிடித்துக்கொண்டது. சூரமங்கலம் வீட்டில் இப்போது பதினான்கு பேனாக்கள் இருக்கின்றன. என் மனைவி செல்வமேரி அவற்றைச் சக்களத்திகள் என்பாள். மினுக்கு மை போட்ட பேனாவை ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே விடக்கூடாது. கழற்றி, தண்ணீர் தெளிகிற வரை கழுவி, நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையின் கீறல்களைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, துணியில் கவிழ்த்து ஒரு நாள் உலர்த்த வேண்டும். பொறுப்புள்ள மனிதனுக்கு இது பெரிய வேலை இல்லை.

மகள் அக்சிலியாவின் நிச்சயதார்த்தத்தன்று, ஒப்பந்தத் தாளில் இரண்டு வீட்டாரும் அந்தப் பச்சை மையில்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். போட்டார்கள். நீங்களும் போட்டீர்கள், நன்றாக மின்னுகிறது என்றும் சொன்னீர்கள். மாப்பிள்ளை ரூபன் திருச்செங்கோட்டில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் ஆசிரியர். அழைப்பிதழ்களில் பெயர் எழுத அந்தப் பேனாவை இரவல் கேட்டார். கொடுத்தேன். கழுவும் முறையை ஒரு முழுத் தாளில் எழுதி உடன் வைத்தேன்.

பத்தொன்பது நாள் கழித்துப் பேனாவைக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தேன். தூள் காய்ந்து நிப்பெல்லாம் அப்பிக் கிடந்தது.

"கழுவலையா மாப்பிள்ளை?"

"தப்பு என்னுதுங்க மாமா. பரிட்சைப் பேப்பர் திருத்தற வேலையில மறந்துட்டனுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

பரவாயில்லை என்று சொல்லி, அவருக்குக் காபி கொண்டுவரச் சொன்னேன்.

மூன்று நாள் கழுவினேன். கழுவக் கழுவ ஒரு விஷயம் தெளிவாயிற்று. ஒரு பேனாவைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர் என் பெண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வார்? எந்தத் தகப்பனும் இதை யோசிப்பான். செல்வமேரியிடம் சொன்னேன். "ஒரு பேனாவுக்காகக் கல்யாணத்த நிறுத்துவீங்களா? வெளிய சொல்லாதீங்க, சிரிப்பாங்க" என்றாள். அவள் சொன்னது நியாயம். பேனாதான் காரணம் என்றால் யாரும் ஏற்கமாட்டார்கள். ஊர் ஏற்கும்படியாக ஒரு காரணம் வேண்டியிருந்தது.

அந்த ஞாயிறு பூசையில் நீங்கள் மூன்று கல்யாண ஓலைகளில் முதலாவதை வாசித்தீர்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்தீர்கள். கடமை என்ற சொல் என் மனதில் பதிந்தது.

கழுவிய பேனாவை எழுதிப் பார்க்க வேண்டும். எதையாவது எழுதியாக வேண்டுமே. மை நிரப்பி, பெயர் போடாமல் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ரூபனுக்குத் திருச்செங்கோட்டில் ஏற்கெனவே மனைவி இருப்பதாகவும், மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை இருப்பதாகவும் எழுதினேன். குழந்தைக்கு ஜெஸ்ஸி என்று பெயர் வைத்தேன். இடது கன்னத்தில் ஒரு மச்சமும் வைத்தேன். ஓர் இடத்தில்கூட மை நிற்கவில்லை. பேனாவில் மை மீதம் இருந்ததால் கல்லூரி முதல்வருக்கும் ஒரு நகல் எழுதினேன்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை. விசாரணை முடியும்வரை கல்லூரிக்கு வர வேண்டாம் என்று ரூபனிடம் சொல்லிவிட்டார்கள். அக்சிலியா ஈரோட்டில் நர்ஸாக இருக்கிறாள். விடுதியிலிருந்து பஸ் பிடித்து நேராக வீட்டுக்கு வந்தாள்.

"அவருக்குக் குழந்தை இருக்குதாம்பா. நீங்க நம்புறீங்களா?" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள்.

நான் அப்போது பேனாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் தூள் இறுகிவிடும். அதனால் கையை எடுத்து அவளை அணைத்துக்கொள்ள முடியவில்லை. "தீர விசாரிக்காம யாரையும் தப்பா பேசக்கூடாது சாமி" என்றேன். ரூபனுக்காக அவ்வளவு நியாயமாகப் பேசியதை இப்போதும் பெருமையாகவே நினைக்கிறேன். ஆறு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

பிறகு நீங்கள் அந்தக் கடிதத்தையும் நிச்சயதார்த்தத் தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள். இரண்டும் ஒரே மாதிரி மின்னின. "இத ஏன் இந்த மையிலயே எழுதுனீங்க, தோமினிக்?" என்று என்னைக் கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். மொட்டைக் கடிதம் என்பதற்காக அதை அசிங்கமாக எழுத எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

கடிதம் என்னுடையது என்று தெரிந்துகொண்டு, நேற்று அக்சிலியா தன் துணிமணிகளை எடுத்துப் போக வந்தாள். அழவில்லை.

"அவரு கையெழுத்து கோணலா இருக்கும்னு பேனாவ எங்கிட்டதான் குடுத்தாரு. பத்திரிகையில பேரெல்லாம் எழுதுனது நான். டூட்டி அலைச்சல்ல பைக்குள்ளயே காயவிட்டதும் நான். உங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு பயந்து அழுதேன். அதான் அவரு தன் மேல போட்டுக்கிட்டாரு."

வெளியே ரூபன் வண்டியில் காத்திருந்தார். உள்ளே வரவில்லை. கல்யாணத்துக்கு நான் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். செல்வமேரி அதிலிருந்து என்னோடு பேசவில்லை.

ஆகவே, இரண்டு கடிதங்களையும் எழுதியது நான்தான். அந்த மனைவியும் குழந்தையும் நான் உண்டாக்கியவர்கள்தான். முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும், ஃபாதர். என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்த்து, அந்த ஆள் துணிந்து பொய் சொல்லியிருக்கிறான். அப்படிப்பட்டவனுக்கு நான் எப்படிப் பெண்ணைக் கொடுப்பேன்?