கத்தாத சைரன்

இறால் கம்பெனிக்குப் போன முதல் வாரம் மூக்கு எரியும், சார். அப்புறம் பழகிவிடும். எனக்கும் அப்படித்தான் பழகியது.

வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் லோகநாதன் சார் சின்னதாக ஒரு மென்பொருள் கம்பெனி நடத்திவந்தார். என்னைத் திருவொற்றியூருக்கு அனுப்பியது அவர்தான். இறாலை உரித்து உறைய வைக்கிற கம்பெனி அது. அங்கே குளிரூட்டுவது அமோனியா வாயு. அது கசிந்தால் சுவரில் இருக்கிற சென்சார்கள் அளவைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அளவு எல்லை தாண்டினால் கம்ப்யூட்டர் கூரைமேல் இருக்கும் சைரனை அடிக்க வைக்கும். அதற்கான நிரலை எழுதியவள் நான். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டவளும் நான்.

சைரன் அடிக்கடி கத்தியது. வாயுவை அழுத்துகிற கம்ப்ரஸரில் தேங்கும் எண்ணெயை மெக்கானிக் கோதண்டம் அண்ணன் வடிக்கும்போது கொஞ்சம் வாயு வெளியே வரும். அதற்கே கத்தும். இறால் உரிக்கிற பெண்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். தரையெல்லாம் இறால் தண்ணீர். ஒருமுறை அவர்களில் பூமாரி என்பவள் வயிற்றுப் பிள்ளையோடு வழுக்கி விழுந்தாள். அவள் எழுந்து உட்காரும்வரை எனக்கு மூச்சு வரவில்லை. ஒவ்வொரு முறையும் சைரன் ஓய்ந்ததும் மானேஜர் என் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, ஏன் அடித்தது என்று கேட்பார். சத்தமாகக்கூடக் கேட்கமாட்டார். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். யாராவது என்னைக் கேள்வி கேட்டால் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ராயபுரத்து ஐரீன் அக்காதான் உரிக்கிறவர்களில் மூத்தவர். சாப்பாட்டு வேளையில் கண்ணாடியைத் தட்டி வம்பிழுப்பார்.

"இன்னா கம்ப்யூட்டரம்மா, உன் டப்பா எப்பப் பாரு ஒப்பாரி வெச்சுகினே கீது. எவன் செத்தான்னாச்சும் அத்தக் கேட்டு சொல்லேன்."

கோதண்டம் அண்ணனிடம் ஒரு வழி இருந்தது. எண்ணெய் வடிப்பதற்கு முன் சென்சார்மேல் ஈரச் சாக்கைப் போர்த்திவிடுவார். அமோனியா தண்ணீரில் கரைந்துவிடுவதால் சென்சாருக்கு ஒன்றும் தெரியாது. எல்லா ஷிப்டிலும் அதுதான் பழக்கம். சாக்கு காய்ந்துபோனாலோ, போட மறந்தாலோதான் வம்பு.

"நான் வெளிய போட்ற சாக்கு காஞ்சிபூடுது பாப்பா," என்றார் ஒருநாள். "நீ உள்ளாற ஒண்ணு போட்டுடேன். காயவே காயாது."

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். அவர்மேல் பழி வேண்டாம்.

சைரனுக்கான அந்த நிரலை, ஸ்கிரிப்ட் என்போம், பைத்தான் என்கிற கணினி மொழியில் எழுதியிருந்தேன். அதை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஆனால் சென்சார்கள் எண்களைத் தள்ளுகிற வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்தப் பகுதியை மட்டும் சி மொழியில் எழுதி, கம்பைல் செய்து, ஸ்கிரிப்டோடு இணைத்தேன். இது எல்லாரும் செய்வதுதான். எண் வேண்டுமென்றால் ஸ்கிரிப்ட் அந்தத் துண்டைக் கூப்பிடும். அது தருவதை அப்படியே நம்பும். கம்பைல் ஆனபிறகு அது இயந்திரத்துக்குத்தான் புரியும். மனிதர் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும்.

லோகநாதன் சார் ஸ்கிரிப்டை வரிவரியாகப் படித்துப் பார்த்தார்.

"இன்னா மலரு, இது ஒண்ணு மட்டும் தொறந்தா கோணல்மாணலா வருது?"

"அது சி சார். வேகத்துக்காக."

"வேகமாத்தான் கீது. வுடு."

நான் சொன்னதில் பொய் இல்லை. வேகம் வந்தது. அந்தத் துண்டுக்குள் வேறொன்றும் இருந்தது. அளவு எல்லையைத் தொட்டால், அதற்கு முன் வந்த அமைதியான எண்ணையே அது திருப்பித் தரும். அதிகாரிகள் வந்து சோதனைப் பொத்தானை அழுத்தினால் மட்டும் உண்மையைச் சொல்லும். சைரன் அழகாக அடிக்கும். அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். உண்மையான எண் எனக்கு மட்டும் தெரியும்படி திரையின் மூலையில் சின்னதாக வைத்துக்கொண்டேன். சி-யில் எழுதிய மூலத்தை அழித்துவிட்டேன்.

அதன்பிறகு கூடத்தில் யாரும் ஓடவில்லை. பூமாரி பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பி வந்தாள். மானேஜர் என் கதவுப் பக்கமே வரவில்லை.

அன்றைக்கு மத்தியானம் மூலையிலிருந்த எண் ஏறியது. எண்ணெய் வடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சன்னல் வழியாகப் பார்த்தால் கோதண்டம் அண்ணன் வாசலுக்கு வெளியே டீக்கடையில் நிற்கிறார். எண் ஏறிக்கொண்டே போனது. இது உண்மையான கசிவு.

கையால் அழுத்துகிற சைரன் விசை என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருந்தது, சார். அதை நான் மறைக்கவில்லை. அழுத்தியிருந்தால், தானாக ஏன் அடிக்கவில்லை என்று கேட்பார்கள். மானேஜர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தத் துண்டைத் திறந்து காட்டு என்பார்கள். அதை நினைத்ததும் கை மடியைவிட்டு எழவில்லை.

கூடத்தில் ஐரீன் அக்கா ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். பூமாரி சிரித்தாள். ஐரீன் அக்கா மூக்கைச் சுருக்கினார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, இன்னா என்பதுபோல முகவாயைத் தூக்கினார்.

ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன்.

அவர் குனிந்து உரிக்கத் தொடங்கினார். நான் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பின்பக்கப் படி வழியாக இறங்கிப்போனேன். அமோனியாக் குழாய் வெடித்த சத்தம் கேட்டபோது தெருவில் இருந்தேன்.

ஐரீன் அக்காவும் பூமாரியும் மற்றவர்களும் உட்கார்ந்த இடத்திலேயே இறந்துகிடந்ததாக நீங்கள்தான் சொன்னீர்கள். யாரும் வாசல்வரைகூட ஓடவில்லை என்றீர்கள். நானும் அதைத்தான் சொல்லவருகிறேன். பயப்பட அவர்களுக்கு நேரமே இருக்கவில்லை. அந்த அளவுக்காவது நான் அவர்களுக்கு உதவியிருக்கிறேன்.

விசாரணைக்கு வந்த உங்கள் ஆட்கள் ஸ்கிரிப்டைப் படித்துவிட்டு ஒரு தப்பும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இந்த நிரல் வேறெங்காவது ஓடுகிறதா என்றும் கேட்டீர்கள். திருவொற்றியூரில் புகாரே வரவில்லை என்று லோகநாதன் சாருக்கு ரொம்ப சந்தோஷம். அதனால் என் துண்டை அப்படியே பிரதி எடுத்து, காசிமேட்டில் ஒரு ஐஸ் ஃபாக்டரியிலும் எண்ணூரில் ஒரு கிடங்கிலும் போட்டிருக்கிறார். இப்போதும் அதுதான் ஓடுகிறது. அவசரப்பட்டு அதை எடுத்துவிடாதீர்கள், சார். போட்ட நாளிலிருந்து அந்த இரண்டு இடத்திலும் சைரன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. அங்கே எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.