பன்னிரண்டாவது தட்டல்

அந்தக் கேக்கில் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. வால்நட் போட்டது, என் தங்கை செராய்னா செய்தது. எங்கள் எங்காடின் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டிலும் இதைச் செய்வார்கள். ஆனாலும் அவள் கைப்பக்குவம் தனி. அதை நான் எப்போதுமே ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

மீட்புக்குழு எடுத்த அளவும் என் நோட்டில் இருக்கும் அளவும் ஒத்துப்போகவில்லை என்றுதானே வந்திருக்கிறீர்கள்? என்னுடையதுதான் பொய்.

பனிச்சரிவு அபாயம் எவ்வளவு என்று ஊருக்குச் சொல்வது என் வேலை. பதினொரு குளிர்காலமாகச் செய்கிறேன். சரிவில் குழி தோண்டி, பனியைத் தூண் போல அறுத்து, அதன் தலையில் மண்வாரியை வைத்துத் தட்ட வேண்டும். மணிக்கட்டை அசைத்துப் பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. தூண் சீக்கிரம் உடைந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. தட்டுகிறவர் எண்ணக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மலை வழிகாட்டி ஃப்ளூரின் தட்டுவான், நான் எண்ணுவேன்.

"டீச்சரம்மா, சத்தமா எண்ணு. வளைக்குள்ள தூங்குற மலையணிலும் கணக்குப் படிக்கட்டும்" என்பான்.

ஒரே பிளாஸ்க், இருவருக்கும் ஒரே மூடி. நான் எதுவும் சொன்னதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று இருந்துவிட்டேன்.

நவம்பரில் சூரிச் வேலையை விட்டுவிட்டு செராய்னா வந்தாள். ஒருநாள் எங்களோடு குழிக்கும் வந்தாள். "நீ உக்காருக்கா, நான் எண்ணுறேன்" என்றாள். பதினேழுக்குப் பிறகு பத்தொன்பது என்றாள். ஃப்ளூரின் பனியிலேயே உட்கார்ந்து சிரித்தான். பதினொரு வருடத்தில் நான் ஓர் எண்ணைக்கூட விட்டதில்லை. அவன் அப்படிச் சிரித்ததும் இல்லை.

பிப்ரவரியில் அவர்களுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மறுவாரம் இருவரும் கிழக்குச் சரிவைக் கடந்து மேலே உள்ள குடிலுக்குப் போவதாக ஏற்பாடு. அன்று காலை நான் மட்டும் போய்க் குழி தோண்டினேன். பன்னிரண்டாவது தட்டலில், மேஜை இழுப்பறை போலப் பனிப்பாளம் வழுக்கி வெளியே வந்தது. அடியில் சர்க்கரை போல உதிர்ந்த பனி. நோட்டில் இருபத்திரண்டு என்று எழுதினேன். அவர்களிடமும் அதையே சொல்லி, போகலாம் என்றேன்.

வாசலில் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டே ஃப்ளூரின் கேட்டான். "யாரு எண்ணினது?"

"நான்தான். தட்டினதும் நான்தான்."

"அது நம்ம வழக்கமே இல்லையேக்கா" என்றாள் செராய்னா. "வேணாம் ஃப்ளூரின், நாளைக்குப் போலாம். எனக்கு என்னமோ சரியாப் படல."

"பதினெட்டை முழுங்குறவ நீ பேசுறியா? மட்லைனா சொன்னா சரியாத்தான் இருக்கும், வா."

அவள் அவன் முதுகில் ஒரு குத்து விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

அந்தச் சரிவை ஒருவர் பின் ஒருவராகத்தான் கடப்பார்கள். வழிகாட்டி முதலில். முதல் ஆளைத் தாங்குகிற பனி பல சமயம் அடுத்த ஆளைத் தாங்காது. அவன் அக்கரை சேர்ந்து, திரும்பிப் பார்த்தபடி நின்றிருப்பான் என்று நினைத்தேன். பிறகு கொஞ்ச காலம் வருத்தப்படுவான். அடுத்த குளிர்காலம் குழிக்கு வருவான், நான் எண்ணுவேன். அவன்மேல் ஒரு கீறல் விழுவதைக்கூட நான் விரும்பியதில்லை. அதில் மட்டும் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்.

பனி முதல் ஆளையே தாங்கவில்லை. பாறை மறைவில் காத்திருந்த செராய்னா எல்லாவற்றையும் பார்த்தாள். நாற்பது நிமிடம் கழித்துத்தான் அவனை வெளியே எடுக்க முடிந்தது.

தேவாலயத்தில் எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் மூன்றாவது வரிசையில் நின்றேன். அவளுக்கு அவனை மூன்று மாதமாகத்தான் தெரியும், ஐயா.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? அதற்கு முன்னால் ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அன்று அவள் வேண்டாம் என்றாள், நான் போகலாம் என்றேன். அவன் கேட்டது என் பேச்சைத்தான்.