நல்ல தண்ணீருக்கு அடியில் உப்பு

விழாவின் நடுநாயகமாய் வீற்றிருக்கும் சனசமூக நிலையத் தலைவர் இராசசிங்கம் ஐயா அவர்களே, எங்கள் பிள்ளைகளின் அறிவுக்கு நீர் வார்க்கும் சிசிலியா ரீச்சர் அவர்களே, வெயிலில் உழைத்து உயர்ந்த பெரியோரே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் அன்னையரே, முன்னாலே பாயில் இருந்து என்னை முறைத்துப் பார்க்கும் என் மகள் தனுஷிகா உட்பட்ட அரும்புகளே, அரியாலை மண்ணின் மாலை வணக்கம் உங்கள் எல்லோருக்கும்.

"சிறுவரும் நன்னீரும்" என்று தலைப்புத் தந்தார்கள். தலைப்புச் சிறிது, தவிப்புப் பெரிது. வருகிற திங்கட்கிழமை நம் ஒழுங்கையில், தெருவுக்கே பொதுவான நல்ல தண்ணீர்க் கிணற்றடியில் குழாய்க்கிணறு அடிக்க மெசின் வருகிறது. அது வரவேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மேடை ஏறினேன்.

கொஞ்சம் பொறுங்கள் றோய் அண்ணை, மெசினைக் கூப்பிட்ட உங்களிடம்தான் வருகிறேன்.

பாலைவனத்துப் பிள்ளைக்குத் தண்ணீர் அரிது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. நம் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? எட்டிப் பார்த்தால் கிணறு, கிணற்றுக்குள் வானம். மோட்டரைப் போட்டுவிட்டு, தொட்டி வழிவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள் என் மகள். ஏசினேன்.

"கிணறு நிறையக் கிடக்குத்தானே அம்மா. ஏன் பேசுறியள்?" என்றாள்.

படித்த தாய், பட்டம் பெற்ற தாய், மோட்டரை நிறுத்த மட்டும் தெரிந்த தாய்.

பதில் தந்தவர் சிசிலியா ரீச்சர். வகுப்பில் ஒரு கண்ணாடிச் சாடியில் பீற்றூட் சாறு கலந்த உப்புத் தண்ணீரை ஊற்றினார். அதன்மேல் கரண்டியின் முதுகால் வழியவிட்டு, நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல வார்த்தார். கீழே சிவப்பு, மேலே தெளிவு.

"இதுதான் பிள்ளையள் எங்கடை யாழ்ப்பாணம்," என்றார். "மழைத்தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளை, உப்புத் தண்ணிக்கு மேலை மிதக்குது. மெல்ல எடுத்தால் நல்ல தண்ணி. ஆழத் துளைச்சு இழுத்தால் உப்பு."

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? சாடியும் கரண்டியுமாக றோய் அண்ணையின் விறாந்தைக்கே போய், அங்கேயும் வார்த்தார்கள். துணைக்கு நானும் போனேன். ஆவணியில் கிணறு வற்ற, தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறிக்குக் காத்துக் கிடந்த தாய்மாரைக் கண்டு பொறுக்காமல்தான் அவர் மெசினை ஒழுங்கு செய்தார். நல்ல மனம், ஆனால் நம்மவரின் பழைய பிழை. தண்ணீர் குறைந்தால் இன்னும் ஆழம் போவது.

"ஸ்ட்ரோவாலை குடியுங்கோ அங்கிள்," என்றாள் தனுஷிகா.

சாடியின் அடிவரை விட்டு அண்ணை ஒரே இழுவை. முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் ஆழமா விடுங்கோ, நல்ல தண்ணி வரும்," என்றாள் மகள்.

"பிள்ளையை நல்லா வளர்த்திருக்கிறாய் ஷாமினி," என்றார், துப்பிவிட்டு.

சிரியுங்கள், அவரும் சிரிக்கிறார். ஆனால் அடுத்து அவர் கேட்டது சிரிப்புக்குரியதல்ல. "அப்ப ஆவணியிலை என்ன செய்யிறது? சனத்துக்கு என்ன பதில் சொல்லுறது?"

நியாயமான கேள்வி. அதற்கு விடை மாரியில் இருக்கிறது. கார்த்திகை மழை எங்கே போகிறது? கூரையிலிருந்து வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து கடலேரிக்கு. முற்றத்தைச் சீமெந்தால் மூடிவிட்டு, மண் குடிக்கவில்லை என்று மண்ணையா நோவது? இந்த நிலையத்தின் கூரைப் பீலித் தண்ணீர் விழும் இடத்தில், மழை மண்ணுக்குள் இறங்கப் பிள்ளைகள் குழி வெட்டி, கல்லும் மணலும் இட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வீடு வெட்டுவோம். ஆவணியில் மோட்டரை நிறுத்தி, முறை வைத்து வாளியால் அள்ளுவோம். கை நோகும்தான். நோகட்டும். உப்பாய்ப் போன சாடியைக் கழுவி மறுபடி வார்க்கலாம்; உப்பாய்ப் போன ஒழுங்கையை எந்தத் தாய் கழுவுவாள்?

தலைவர் ஐயா, நன்றியுரைக்கு முன் சபையைக் கேட்டுவிடுங்கள். மெசின் வேண்டாம் என்பவர்கள் கையைத் தூக்குங்கள். பிள்ளைகளே, உங்கள் கை கணக்கில் சேராது. ஆனாலும் தூக்குங்கள், நெடுங்காலம் குடிக்கப்போவது நீங்கள்தான். ஓம் அம்மா, பின்னுக்கு இருக்கிற உங்களையும்தான் கேட்கிறேன்.

றோய் அண்ணை, அது தூக்கிய கையா, தலை சொறிகிற கையா?

என்ன சொல்கிறார்? "வரவேண்டாமெண்டு மெசின்காரனுக்கு நான் போன் எடுக்கிறன், நீ முதல் கதையை முடி பிள்ளை" என்கிறார்.

முடித்துவிட்டேன் அண்ணை. கேட்ட செவிகளுக்கும் உயர்ந்த கைகளுக்கும் ஒரு தாயின் நன்றி. வணங்கி விடைபெறுகிறேன்.