உள்ளே தங்கும்வரை

எனக்கு ஊசியைக் கண்டாலே ஆகாது, இன்ஸ்பெக்டர் அம்மா. அடுத்தவருக்குப் போடுவதென்றாலும் பார்க்க மாட்டேன்.

பனியன் கம்பெனி விடுதிக்கு வருமுன் வீரபாண்டிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரித்தேன். எலிக்கு மருந்தைத் தோலுக்கடியில் ஏற்றலாம், வயிற்றில் குத்தலாம், தொண்டைக்குள் குழாய் விட்டு இறக்கலாம். மற்றவர்கள் கொஞ்சமும் பாவம் பார்க்காமல் அப்படித்தான் செய்தார்கள். நான் கருப்பட்டிப் பாகில் குழைத்து விரலை நீட்டுவேன். "வா கண்ணு" என்றால் ஓடிவந்து நக்கும். எலியால் வாந்தியெடுக்க முடியாது, தெரியுமா? உள்ளே போனது போனதுதான். அதில் எனக்கு ஒரு நிம்மதி.

விடுதிக்கு என்னை வார்டனாக எடுத்ததே இந்தப் பொறுமைக்காகத்தான். மாதவிலக்கு வலியென்று பிள்ளைகள் சுருண்டு படுத்தால் தையல் லைன் நின்றுவிடும். "ஷிப்மென்ட் நேரமுங்க சாரதாமணியக்கா, எதாச்சும் பண்ணுங்க" என்று மேனேஜர் பூபாலன் ஒரு டப்பாவைக் கொடுத்தார். விலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை. சொன்னால் பயப்படுவார்கள், பயந்த உயிர் எதையும் விழுங்காது. அதனால் காலைக் காப்பியில் கருப்பட்டியோடு கரைத்தேன். எல்லோரும் குடித்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

அன்புசெல்விக்கு மட்டும் தங்கவில்லை. தாராபுரத்துப் பெண், எனக்கு ரொம்பப் பிடித்தவள். "காப்பி கசக்குதுங்கக்கா, வேண்டாமுங்க" என்று வாந்தியெடுத்தாள். மருந்து வீணாகிவிட்டதே என்று மறுபடி கொடுத்தேன். அதையும் எடுத்தாள். எலியோடு பழகியவளுக்கு வாந்தியைப் பற்றி என்ன தெரியும்? தங்கும்வரை கொடுப்பதுதான் முறை என்று நினைத்தேன். தினமும் அப்படித்தான் நடந்தது.

பிறகு அவள் கால் வீங்கியது. "மூச்சு வாங்குதுங்கக்கா, ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் டாக்டர் என்றால் என்ன சாப்பிட்டாள் என்று கேட்பார்கள். காப்பியில் கலந்ததைச் சொல்ல வேண்டிவரும். கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்திலேயே இருந்தேன்.

மத்தியானத்துக்குள் போய்விட்டாள். அந்த மாத்திரை அளவுக்கு மீறிப்போய், காலில் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைத்துவிட்டது என்கிறீர்கள். கொன்றாயா என்று கேட்கிறீர்கள். அன்று காலையிலும் அவளை மடியில் கிடத்தி "வா கண்ணு" என்றுதான் சொன்னேன். ஊசி குத்தவில்லை, குழாய் விடவில்லை. தானாகத்தான் குடித்தாள், அம்மா. நான் தாடையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.