நம்ம பிள்ளை என்று விட்டோம்

அவைக்குத் தலைமை தாங்கும் மாவட்ட ஆணையர் அடிலெய்ட் வாஸ் அம்மையார் அவர்களே! அறுவடை அவசரத்திலும் எந்திரங்களை வயலிலேயே நிறுத்திவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! மடியில் மழலையும் மனத்தில் கவலையுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! என்னோடு வெயிலைக் குடித்துத் தார்ப்புகையைத் தின்ற தோழர்களே! உங்கள் அனைவருக்கும் க்ளைட் ஓல்சனின் கனத்த நெஞ்சோடு கூடிய வணக்கம்.

சாலை வேலை நடக்கும் இடத்தில், ஒரு பக்க வண்டிகளை நிறுத்தி மறுபக்க வண்டிகளை அனுப்ப, ஒரு முனையில் நான் நிற்பேன். மேட்டுக்கு அப்பால், மறுமுனையில் டார்லீன் பொகார்னி நிற்பாள். 'நில்' என்று எழுதிய பலகை அவள் கையிலும் என் கையிலும். அவள் முகத்தை நான் பார்த்ததைவிட, வாக்கிடாக்கியில் அவள் குரலைக் கேட்டதே அதிகம். "க்ளைட், கடைசியா வர்றது பச்சைக் கார். ஓட்டுறவன் கண்ணாடியைப் பார்த்துப் பாடிக்கிட்டே வர்றான். சிரிக்காம அனுப்பி வைய்யா!" என்பாள். சிரியுங்கள் தாய்மார்களே, சிரியுங்கள். சிரிக்க வைக்கத்தான் அவள் பேசினாள்.

அவளைக் காக்கச் சட்டம் இல்லையா? இருந்தது! வேகத்துக்கு எல்லை இல்லையா? இருந்தது! தொழிலாளர் நிற்கும் சாலையில் தவறினால் அபராதம் இரட்டிப்பு என்று நம் நெப்ராஸ்கா மாநிலத்தில் எழுதி வைக்கவில்லையா? வைத்திருந்தார்கள்!

என்ன ஐயா, "போலீஸ் எங்கே போனது?" என்கிறீர்களா? போகவில்லை ஐயா. அன்று அங்கேயேதான் இருந்தது.

காவலர் ரஸ் கொலாரிக் இதோ வாசலோரம் நிற்கிறார். அவர் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். ஆகஸ்ட் மாதம், கையில் போனோடு அந்த மேட்டில் பறந்து வந்த லாரியை அவர் மடக்கினார். ஓட்டியவன் டைசன் பிராண்ட், பத்தொன்பது வயது. முன்பே சிக்கியவன்; இன்னொரு அபராதச் சீட்டு எழுதினால் லைசென்ஸ் பறிபோகும். பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு டார்லீன் ஓடி வந்தாள்.

"விட்டுடுப்பா ரஸ். என் எதிர்வீட்டு லொரெட்டா பையன்ப்பா. அப்பன் செத்து ஒரு வருஷம்கூட ஆகல. இவன் லைசென்ஸைப் பிடுங்கிட்டா மக்காச்சோளத்தை யாரு ஏத்திட்டுப் போவா?"

"நேத்துதானே திட்டின, 'சீட்டுப் புத்தகத்தை அழகுக்கா வச்சிருக்கே'ன்னு?"

"அது எவனோ. இது நம்ம பிள்ளை."

ரஸ் எழுதிய சீட்டைக் கிழித்தார். "டேய், போனை உள்ள வைடா. இல்லன்னா காதைத் திருகிடுவேன்" என்று அவனை அனுப்பி வைத்தாள் டார்லீன்.

தோழர்களே! அடுத்த மாதம் அதே மேடு, அதே லாரி, அதே போன். வாக்கிடாக்கியில் அவள் குரல் வந்தது. அதில் சிரிப்பில்லை.

"க்ளைட்! நிக்க மாட்டேங்கிறான்! குழியில இருக்கறவங்களை ஏறச் சொல்லு! ஏறச் சொல்லு!"

நான் கத்தினேன். சாலை நடுவே தோண்டிய குழியில் வேலை செய்துகொண்டிருந்த நால்வரும் ஏறித் தப்பினார்கள். அவளும் ஓரமாகப் பாய்ந்திருக்கலாம். பாயவில்லை. பையன் நிமிர்ந்து பார்ப்பான், பார்ப்பான் என்று பலகையை ஆட்டிக்கொண்டே நின்றாள். அவன் பார்க்கவில்லை.

நான் மேட்டைத் தாண்டி ஓடியபோது, டைசன் தாரில் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்திருந்தான். "அத்தை, எந்திரிங்க அத்தை... எந்திரிங்க..." அவள் எழவில்லை.

அவன் இன்று சிறையில். அவள் மண்ணில். யாரைக் குறை சொல்வேன்? இரங்கிய டார்லீனையா? இணங்கிய ரஸ்ஸையா? இங்கே இருக்கும் நம்மில் எவர், தம் பிள்ளைக்காக, தங்கைக்காக, தெருக்காரனுக்காக ஒரு சீட்டைக் கிழிக்கச் சொல்லாதவர்? கருணை என்று நினைத்துத்தானே, அம்மா, கண்ணை மூடிக்கொண்டோம்!

இனி எழுதிய சீட்டு எதையும் கிழிப்பதில்லை என்று நம் காவல் தலைவர் ஷெரிஃப் அறிவித்திருக்கிறார். உங்களில் பலருக்குக் கோபம். எனக்குத் தெரியும். அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதியில்லை. தகுதியுள்ளவர் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். டைசனின் தாய், லொரெட்டா. போன வாரம் அவர் என்னிடம் சொன்னதை, அவர் அனுமதியோடு உங்கள் முன் வைக்கிறேன்.

"அன்னைக்கே அவன் லைசென்ஸைப் பிடுங்கியிருந்தா, உங்க எல்லாரையும் நான் வாய்க்கு வந்தபடி சபிச்சிருப்பேன் க்ளைட். சபிச்சுக்கிட்டே லாரியை நானே ஓட்டியிருப்பேன். பையன் கோவிச்சுக்கிட்டு வீட்லயே படுத்திருப்பான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டார்லீன் வீட்ல விளக்கு எரிஞ்சிருக்கும். அவ்வளவுதானே... அவ்வளவுதானே நடந்திருக்கும்?"

எங்களைச் சபியுங்கள், தாய்மார்களே! வாயாரச் சபியுங்கள்! ஆனால், "நம்ம பிள்ளை, விட்டுடுங்க" என்று மட்டும் இனி எவரும் கேட்காதீர்கள்.

அமைதி காத்த அவைக்கு நன்றி. வர மனம் வந்த லொரெட்டாவுக்குத் தலைதாழ்ந்த நன்றி. எல்லோரும் பத்திரமாக வீடு சேருங்கள். வணக்கம்.